கார்வெட் சி3 பின்பக்க ஸ்பிரிங் போல்ட்டை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கராஜில் செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட், 1976ஆம் ஆண்டு மாடல் ஒன்று நிற்கிறது. அதன் பின்பக்க உயரத்தைச் சரிசெய்யும் நீள போல்ட்டுகளை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை உயரத்துக்காக. இரண்டாம் முறை, முதலில் போட்ட போல்ட்டுகள் வளைந்துவிட்டதால். பழைய கார் வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றையும், தொடங்கும் முன் நானே கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே 1968 முதல் 1982 வரை வந்த சி3, அதாவது மூன்றாம் தலைமுறைக் கார்வெட்டை மனதில் வைத்து எழுதியது. 1963 முதல் 1967 வரையிலான சி2 வண்டிக்கும் பின்பக்க அமைப்பு கிட்டத்தட்ட இதேதான்.

இந்த போல்ட் எங்கே இருக்கிறது? என்ன வேலை செய்கிறது?

நம் ஊர் லாரியில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது வண்டியின் நீளவாக்கில், சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும். கார்வெட்டில் பின்பக்கத்துக்கு ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங்தான். அதுவும் குறுக்குவாக்கில், இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை நீண்டிருக்கும். அதன் நடுப்பகுதி, எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் அடியில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளும் சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்ம் என்ற நீண்ட இரும்புக் கையின் பின்முனைக்குக் கீழே வந்து நிற்கும். கையையும் ஸ்பிரிங் முனையையும் இணைப்பது பக்கத்துக்கு ஒரு நீள போல்ட். போல்ட்டின் தலை கைக்கு மேலே, நட்டு ஸ்பிரிங்குக்குக் கீழே. தலைக்கு அடியில் ஒரு ரப்பர் குஷன், நட்டுக்கு மேல் இன்னொன்று. அந்த ரப்பர்களை உட்கார வைக்கக் கிண்ணம் போன்ற வாஷர்கள்.

1963இல் பொறியாளர் சோரா ஆர்கஸ் டண்டாவ் தலைமையில் கார்வெட்டுக்குத் தனித்தனியாக அசையும் பின்சக்கரங்கள் வந்தபோது உண்டான ஏற்பாடு இது. குறைந்த இடத்தில், குறைந்த உதிரிகளோடு வேலை முடிகிறது. காரின் பின்பாதி எடை முழுவதும் இந்த இரண்டு போல்ட்டுகள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நீள போல்ட் போட்டால் கார் ஏன் தாழ்கிறது?

வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியில் இரண்டு வளையம் கூடுதலாகச் சேர்த்தால் பலகை தரைக்கு நெருங்கும். பலகையின் வலு மாறாது, அதில் உட்காருபவரின் எடையும் மாறாது. இங்கே போல்ட்தான் சங்கிலி. டிரெய்லிங் ஆர்ம் உத்தரம், ஸ்பிரிங் பலகை, ஸ்பிரிங்கின் நடுவில் உட்கார்ந்திருப்பது கார். போல்ட் நீண்டால் கைக்கும் ஸ்பிரிங் முனைக்கும் இடைவெளி கூடும், கார் அந்த அளவுக்குக் கீழே இறங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஸ்பிரிங்கில் நாம் கைவைப்பதே இல்லை என்பது. சுருள் ஸ்பிரிங் உள்ள கார்களில் ஒரு சுற்றை அறுத்துத் தாழ்த்துபவர்கள் உண்டு. அறுத்தால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும், திரும்ப ஒட்ட முடியாது. இங்கே பிடிக்கவில்லை என்றால் பழைய போல்ட்டைத் திரும்ப மாட்டிவிடலாம்.

எவ்வளவு தாழும்?

தொழிற்சாலையிலிருந்து வந்த போல்ட் சுமார் 7 அங்குலம். கடைகளில் பரவலாகக் கிடைப்பது 8 அங்குலம். ஒரு அங்குலம் நீளம் கூட்டினால் ஏறக்குறைய ஒரு அங்குலம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக, சக்கரத்தில் தாழும். கொஞ்சம் குறைவு ஏனென்றால், கையின் கீல் முன்னால் இருக்கிறது. போல்ட்டோ சக்கர மையத்தையும் தாண்டிப் பின்னால் இருக்கிறது. 10 அங்குல போல்ட்டுகளும் விற்கிறார்கள். சாலையில் ஓட்டும் காருக்கு அதை நான் சொல்லமாட்டேன். காரணம் கீழே வருகிறது.

அழகுக்காக மட்டும்தானா? இது தேவையா?

அழகுக்காகச் செய்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் பலர் இதில் இறங்குவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 40, 50 ஆண்டு பழைய ஸ்பிரிங் தொய்ந்துபோய்ப் புதியது வாங்கிப் போடுவார்கள். புது ஸ்பிரிங் போட்டதும் காரின் பின்புறம் வெட்டுக்கிளி போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாள் ஓட்டினால் அமரும் என்று விற்றவர் சொல்வார். ஓரளவு அமரும், முழுசாக அமராது. அப்போது நீள போல்ட் சரியான மருந்து.

உயரம் சரியா என்று பார்க்க, மட்கார்டு விளிம்பை மட்டும் பார்க்காதீர்கள். கார் தன் நான்கு சக்கரங்களில் நிற்கும்போது கீழே குனிந்து ஹாஃப் ஷாஃப்ட்டைப் பாருங்கள். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு அது. இந்தக் காரில் அது சக்கரத்தைச் சுழற்றுவதோடு நிற்காமல், சக்கரத்தைப் பிடித்துவைக்கும் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. கீழ் இணைப்பு ஸ்ட்ரட் ராட் என்ற கம்பி. ஹாஃப் ஷாஃப்ட் தரைக்கு ஏறக்குறைய மட்டமாக இருந்தால் உயரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தை நோக்கி நன்றாகக் கீழே இறங்கினால் கார் உயரமாக நிற்கிறது. சக்கரத்தை நோக்கி மேலே ஏறினால் ஏற்கெனவே அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது. அந்த வண்டிக்கு இன்னும் நீள போல்ட் போடக்கூடாது.

எந்த போல்ட் வாங்குவது?

இந்த வேலையில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் இதுதான். நான் முதலில் வாங்கிய ஜோடி பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. இரண்டு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது இரண்டுமே லேசாக வளைந்திருந்தன. ஒன்றில் மரை தொடங்கும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அது விரிசலின் தொடக்கம். அன்றைக்குக் கழற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாங்கும்போது தலையைப் பாருங்கள். ஆறு கோடுகள் வட்டமாக இருந்தால் கிரேடு 8, வலு அதிகமுள்ள ரகம். மூன்று கோடுகள் என்றால் கிரேடு 5. கோடே இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கார்வெட் உதிரிகளுக்கென்றே இருக்கும் கடைகள் தங்கள் சொந்தக் குறியோடும் விற்பார்கள். எந்த கிரேடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கனமும் மரையும் பழைய போல்ட்டுக்குப் பொருந்த வேண்டும்.

இரும்புச் சாமான் கடையில் முழம் கணக்கில் விற்கும் மரைக்கம்பியை அறுத்து இரண்டு பக்கமும் நட்டு போட்டு மாட்டியிருப்பதை ஒரு வண்டியில் பார்த்தேன். அந்தக் கம்பி சாதாரண மென்மையான இரும்பு. கூரைக் குழாயைத் தொங்கவிட அது போதும். மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும் காரின் பின்பகுதியை அதில் தொங்கவிடக்கூடாது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

ரப்பர் குஷனா, பாலியூரித்தேனா?

நான் ரப்பர் பக்கம். சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் முனை ஒரு வளைவில் நகர்கிறது, கையின் முனை வேறொரு வளைவில் நகர்கிறது. ஆகவே போல்ட் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் கொஞ்சம் சாய்ந்து நிமிர வேண்டும். மென்மையான ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் அவ்வளவு கொடுக்காது. அப்போது சாய வேண்டிய போல்ட் வளையப் பார்க்கும். என்னுடைய முதல் ஜோடி வளைந்ததற்கு மட்டமான இரும்போடு இதுவும் காரணமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன், அதில் இருந்தது பாலியூரித்தேன்தான். ரப்பர் சீக்கிரம் வெடிக்கும் என்பது உண்மை. சில வருடங்களுக்கு ஒருமுறை நான்கு ரப்பர் மாற்றுவது பெரிய செலவு இல்லை.

என்னென்ன சாமான்கள் வேண்டும்?

தள்ளக்கூடிய ஃபுளோர் ஜாக்கி, முடிந்தால் இரண்டு. நல்ல ஜாக் ஸ்டாண்ட் இரண்டு. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் போடக் கட்டைகள். சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச், மூக்கு நீண்ட குறடு, சி வடிவக் கிளாம்ப், துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், ஆக்ஸா பிளேடு, கண்ணாடி. கண்ணாடி என்றால் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது 50 வருடத் துரு நேராகக் கண்ணில்தான் விழும். உங்கள் ஆண்டு மாடலுக்கான செவ்ரலே சேசிஸ் சர்வீஸ் கையேடு ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்க அளவுகளுக்கு அதைத்தான் நம்ப வேண்டும்.

புதிய காட்டர் பின்கள் இரண்டு மறக்காதீர்கள். நட்டு கழன்றுவிடாமலிருக்கப் போல்ட்டின் துளையில் செருகி மடிக்கும் கம்பி ஊசிகள் அவை. பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடுவது கூடாது.

காரை எங்கே தூக்குவது, எங்கே நிறுத்துவது?

வேலையைவிட இந்தக் கேள்வி முக்கியம். கார்வெட்டின் உடல் ஃபைபர் கிளாஸ். அதற்கு அடியில் எங்கேயும் ஜாக்கி வைக்கக்கூடாது. எடை தாங்குவது இரும்பு சேசிஸ். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், டிரெய்லிங் ஆர்மின் கீல் உள்ள இடத்துக்கு முன்பாக, சேசிஸின் பெட்டி வடிவச் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டை வையுங்கள்.

ஆனால் அந்தச் சட்டம் அங்கே இன்னும் இரும்பாகத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடும் ஊர்களில் ஓடிய சி3 வண்டிகள் சரியாக அந்தப் பகுதியில், பின்சக்கரத்தை ஒட்டிச் சட்டம் மேலே வளையும் இடத்தில், உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் நன்றாகத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள், சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டாலோ ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனாலோ போல்ட் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுச் சேசிஸைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் காரின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் வேலை செய்வது. கியரும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கம் அந்தரத்தில் தொங்கும்போது இரண்டும் உதவாது, முன்சக்கரங்கள் உருளும். அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும், முன்னும் பின்னும், கட்டை போட்டுவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். தரை சிமென்ட்டாக, மட்டமாக இருக்கட்டும். ஜல்லித் தரையில் இந்த வேலை வேண்டாம். ஜாக்கி உருள வேண்டிய தேவை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, கழற்றுவது எப்படி?

இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நட்டின் மேல் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள், தினமும் ஒரு தடவை. வேலை செய்யும் நாளில், காரைத் தூக்கும் முன், நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். பெட்ரோல் டாங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். டாங்க் பின்பக்கம் இருப்பதால் அளவு மாறும்.

காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றியதும் கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டாண்ட் ஏமாற்றினால் அது உங்கள் உயிரைக் காக்கும். பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஆட வேண்டியிருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோதே ஆடட்டும். பின்னால் தொங்கும் ஸ்டெப்னித் தொட்டியைக் கழற்றிவிட்டால் கை தாராளமாகப் போகும். கட்டாயமில்லை, ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் கழற்றச் சொல்வேன்.

இனிதான் கவனம். கார் அந்தரத்தில் இருக்கிறது, சக்கரம் தொங்குகிறது, ஆகவே ஸ்பிரிங்கில் விசை இல்லை என்று தோன்றும். அது உண்மை இல்லை. ஷாக் அப்சார்பர் ஒரு அளவுக்கு மேல் டிரெய்லிங் ஆர்மைக் கீழே இறங்கவிடாமல் பிடித்திருக்கிறது, ஸ்பிரிங் இன்னும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியே நட்டைக் கழற்றினால் கடைசி மரையில் ஸ்பிரிங் முனை பட்டென்று கீழே அடிக்கும். அந்த அடி விழும் இடத்தில் உங்கள் கையோ முகமோ இருக்கும்.

அதனால் ஃபுளோர் ஜாக்கியை ஸ்பிரிங் முனைக்கு அடியில், போல்ட்டுக்குச் சற்று உள்பக்கம் வைக்க வேண்டும். பட்டை வழுக்கும். ஜாக்கித் தலை நழுவாமலிருக்க, அது நிற்கும் இடத்தை ஒட்டிப் பட்டையில் சி கிளாம்ப்பை இறுக்கி ஒரு தடுப்பு உண்டாக்குங்கள். மெதுவாக ஏற்றுங்கள். முனை மேலே போகப்போக வளைவில் நகரும். ஜாக்கியும் அதோடு சேர்ந்து சற்று உருள வேண்டும். உருளாமல் மாட்டிக்கொண்டால் தலை பக்கவாட்டில் இழுபட்டு நழுவும். சிமென்ட் தரை வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். ஏற்றும்போது கண் ஸ்டாண்டின் மேலும் இருக்கட்டும். கார் ஸ்டாண்டிலிருந்து மயிரிழை தூக்கினாலும் நிறுத்துங்கள்.

ரப்பர் இளகி, போல்ட்டைக் கையால் பிடித்து ஆட்ட முடிகிற நிலை வந்ததும் போதும். காட்டர் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றி, கிண்ண வாஷரையும் ரப்பரையும் எடுங்கள். இப்போது ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரே திறப்பில் விடக்கூடாது. ஸ்பிரிங் முனை போல்ட்டை விட்டு இறங்கித் தளர்ந்து நிற்கும் வரை ஜாக்கி அடியிலேயே இருக்கட்டும். பிறகு போல்ட்டை மேலே இழுத்து எடுக்கலாம்.

ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டாம். ஸ்பிரிங் விடுபட்டபின் டிரெய்லிங் ஆர்மைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அதையும் எடுத்துவிட்டால் எடை பிரேக் ஹோஸில் தொங்கும்.

நட்டு துருப்பிடித்து அசையவே இல்லையே?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நீள ஸ்பேனர் போட்டு முறுக்கினால் முழு போல்ட்டும் சேர்ந்து சுழலும். மேலே தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்க ஒரு ஆள் உதவிக்கு வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் அறுப்பதுதான் வழி. எப்படியும் புது போல்ட் போடப்போகிறோம்.

அறுப்பதற்கு இரண்டு நிபந்தனை. முதலாவது, ஜாக்கி ஸ்பிரிங்கின் விசையை முழுசாக வாங்கியிருக்க வேண்டும். இறுகி நிற்கும் போல்ட்டை அறுத்தால் அது வில்லிலிருந்து விட்ட அம்புதான். இரண்டாவது, வெல்டிங் டார்ச்சும் கிரைண்டரும் வேண்டாம். பெட்ரோல் டாங்க் அந்த இடத்துக்கு மிக அருகில், ஸ்டெப்னித் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்கள், பல வருடப் பெட்ரோல் ஆவி, அதற்கருகே தீப்பொறி. ஆக்ஸா பிளேடு வைத்துக் கையால் அறுங்கள். அரை மணி நேரம் ஆகட்டும், தோள் வலிக்கட்டும்.

என் காரில் ஃபைபர் கிளாஸ் ஸ்பிரிங் இருக்கிறது. இதே முறைதானா?

1981இல் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் செவ்ரலே இரும்புப் பட்டைகளுக்குப் பதில் ஒற்றை ஃபைபர் கிளாஸ் பட்டையைக் கொண்டுவந்தது. இரும்பு ஸ்பிரிங் சுமார் 44 பவுண்டு, இது சுமார் 8 பவுண்டுதான். பழைய வண்டிகளுக்கும் இதை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் நிறைய.

முறை அதேதான், ஆனால் அதன் மேற்பரப்பைக் கண்ணாடி போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கித் தலைக்கும் பட்டைக்கும் நடுவே தட்டையான மரக்கட்டையும் ரப்பர் துண்டும் வையுங்கள். சி கிளாம்ப்பை நேரடியாக இறுக்காதீர்கள்; கிளாம்ப்பின் இரண்டு பக்கமும் மரத்துண்டு வேண்டும். ஒரு ஆழமான கீறலிலிருந்து நாரிழைகள் பிரியத் தொடங்கினால் அது பரவும். கழற்றும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், கையுறையோடு. நார் சிலும்பி நின்றால் அந்த ஸ்பிரிங்கின் காலம் முடிந்துவிட்டது.

முனை விடுபட்டிருக்கும்போது வேறு என்ன பார்க்கலாம்?

இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது, அதனால் அவசரப்படாதீர்கள்.

டிஃபரன்ஷியலிலிருந்து வெளியே வந்து ஹாஃப் ஷாஃப்ட்டோடு இணையும் யோக் என்ற கவையைப் பிடித்து உள்ளே வெளியே தள்ளி இழுத்துப் பாருங்கள். ஹாஃப் ஷாஃப்ட்டே மேல் இணைப்பு என்று சொன்னேன் அல்லவா, அதனால் திருப்பங்களில் வரும் பக்கவாட்டு அழுத்தம் யோக்கின் உள்முனை மீது விழுகிறது. அந்த முனை டிஃபரன்ஷியலுக்குள் ஒரு பின்னின் மேல் உரசித் தேய்கிறது. தேயத் தேய யோக் உள்ளே போகும், சக்கரத்தின் மேல்பகுதியும் உள்ளே சாயும். தாழ்த்துவதற்கு முன்பே உங்கள் பின்சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்திருந்தால் காரணம் அங்கே இருக்கலாம். பலர் போல்ட்டை மாற்றிவிட்டு, சாய்வு கூடிவிட்டது என்று போல்ட்டைக் குறை சொல்வார்கள். யோக்கில் நன்றாக உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் உயரத்தைவிட அதுதான் முதல் வேலை.

சக்கர பேரிங்கில் ஆட்டம், கீல் புஷ், ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, பிரேக் ஹோஸில் வெடிப்பு ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

புது போல்ட்டை மாட்டுவது எப்படி?

டிரெய்லிங் ஆர்மிலுள்ள துளையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, போல்ட்டின் உடலில் துரு வராமலிருக்க மெல்லிய கிரீஸ் பூசி, வாஷரும் ரப்பரும் சரியான வரிசையில் இருக்கிறதா என்று பார்த்து மேலிருந்து இறக்குங்கள். கிண்ண வாஷரின் குழி ரப்பரைப் பார்த்து இருக்க வேண்டும். கழற்றிய வரிசையைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் குழப்பம் வராது. பிறகு ஜாக்கியால் ஸ்பிரிங் முனையைத் தூக்கினால் துளைக்குள் போல்ட் நுழையும். போல்ட் நீளமானது என்பதால், கழற்றியபோது தூக்கிய அளவுக்கு இப்போது தூக்க வேண்டியதில்லை.

கீழ் ரப்பர், வாஷர், நட்டு மாட்டியவுடன் ஜாக்கியை இறக்கும் முன் காட்டர் பின்னைப் போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து வைக்க வேண்டிய தேவை இல்லை.

எவ்வளவு இறுக்குவது?

இது இறுக்கிப் பிடிக்கும் போல்ட் இல்லை, தொங்கவிடும் போல்ட். ரப்பர் நசுங்கிப் பிதுங்கும் வரை முறுக்கினால் போல்ட் சாய்ந்தாட இடமிருக்காது. நட்டின் வெட்டும் போல்ட்டின் துளையும் நேர்ப்பட்டு, காட்டர் பின் தாராளமாக நுழையும் வரை ஏற்றினால் போதும். பின்னின் இரு கால்களையும் நன்றாக மடியுங்கள்.

சில நீள போல்ட்டுகள் காட்டர் பின் துளை இல்லாமல், உயரத்தை ஏற்றி இறக்கும்படி நீண்ட மரையோடு வரும். அவற்றில் நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு இருக்கும். அந்த நட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். கழற்றினால் புதியது போடுங்கள். நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு மூன்று மரை தெரிய வேண்டும்.

கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பக்கத்து நட்டை மட்டும் கூடுதலாக ஏற்றலாமா?

கால் அங்குலம் வரை என்றால் சரி. அதற்குமேல் சாய்கிறது என்றால் தொய்ந்த ஸ்பிரிங், நடுவில் நகர்ந்த பட்டை, வளைந்த சேசிஸ் இவற்றில் ஏதோ ஒன்று. நட்டைத் திருகி அதை மறைக்காதீர்கள்.

கீழே இறக்கினேன். கார் தாழவே இல்லையே?

பயப்பட வேண்டாம். சக்கரங்கள் தொங்கும்போது உள்நோக்கி ஒடுங்கி இருக்கும். கார் இறங்கும்போது டயர்கள் வெளியே விரிய வேண்டும், தரையின் பிடிமானம் அதை விடாது. காரை முன்னும் பின்னும் பத்து இருபது அடி உருட்டுங்கள், அல்லது தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பிறகு அளந்து பாருங்கள். என் வண்டி உருட்டியவுடனேயே முக்கால் அங்குலம் இறங்கியது.

வீல் அலைன்மென்ட் கட்டாயமா?

ஆமாம், நான்கு சக்கரத்துக்கும். கார் தாழ்ந்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும், அதாவது கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும். அப்படியே ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேயும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது, கம்பி தெரியும்போதுதான் தெரியும். கேம்பரைச் சரிசெய்ய ஸ்ட்ரட் ராடின் உள்முனையில் மையம் விலகிய ஒரு கேம் போல்ட் இருக்கிறது. டோ எனப்படும், சக்கரம் நேராகப் பார்க்கும் கோணத்துக்கு, டிரெய்லிங் ஆர்மின் கீலில் இரு பக்கமும் மெல்லிய தகடுகள் செருகியிருக்கும். கேம் போல்ட் எளிது. தகடுகள் துருப்பிடித்துப் பாறையாகியிருக்கும். எல்லா அலைன்மென்ட் கடைக்காரர்களும் இதைத் தொட விரும்பமாட்டார்கள். பழைய கார்வெட் பழக்கமுள்ள கடையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஓட்டும்போது வித்தியாசம் தெரியுமா?

சமமான சாலையில் தெரியாது, ஸ்பிரிங் அதேதான். பெரிய பள்ளத்தில் தெரியலாம். டிரெய்லிங் ஆர்ம் மேலே போய்ச் சேசிஸில் மோதாமலிருக்க ஒரு ரப்பர் தடுப்பு உண்டு, தாழ்த்திய அளவுக்கு அது நெருங்கி வந்துவிட்டது. 10 அங்குல போல்ட்டை நான் வேண்டாம் என்றது இதற்கும் சேர்த்துத்தான். மூன்று அங்குலம் தாழ்ந்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் முன் தடுப்பு இடிக்கும், ஹாஃப் ஷாஃப்ட் மேல்நோக்கி ஏறும், அகல டயர் மட்கார்டு விளிம்பில் உரசும்.

ஹெட்லைட்?

பின்பக்கம் இறங்கினால் விளக்கு மேலே தூக்கும். எதிரே வருபவரின் கண் கூசும். இரவில் எடுக்கும் முன் திருத்திவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

துரு இல்லாத வண்டியில் ஒரு காலைப் பொழுது. துருப்பிடித்த வண்டியில் சனி, ஞாயிறு இரண்டும். தனியாகச் செய்யாதீர்கள், வீட்டில் ஒருவராவது கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்.

பிந்தைய கார்வெட்டுகளுக்கும் இது பொருந்துமா?

குறுக்குவாக்கு ஸ்பிரிங் 2019இல் முடிந்த சி7 வரை இருந்தது. 2020இல் எஞ்சின் நடுவுக்குப் போன சி8 வண்டியில்தான் சுருள் ஸ்பிரிங் வந்தது. நீள போல்ட் போட்டுத் தாழ்த்தும் கருத்து இடையில் வந்த தலைமுறைகளுக்கும் உண்டு. ஆனால் கைகளின் அமைப்பும், தூக்கும் இடங்களும், போல்ட்டும் வேறு. அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பழைய போல்ட்டை என்ன செய்வது? மறுபடி எப்போது பார்ப்பது?

அறுக்காமல் முழுசாகக் கழன்றிருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை கனமும் மரையும் ஒப்பிட அதுதான் அளவுகோல். வளைந்ததையும் கோடு விழுந்ததையும் யாருக்கும் கொடுக்காமல் பழைய இரும்பில் போட்டுவிடுங்கள்.

100 மைல் ஓட்டியபின் ஒருமுறை குனிந்து காட்டர் பின்னையும் ரப்பரையும் பாருங்கள், மட்கார்டு உயரத்தை மறுபடி அளந்து அதே தாளில் எழுதுங்கள். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை போதும். நான் பனிக்காலத்துக்காக வண்டியை மூடி வைக்கும் முன், நவம்பரில், ஆயில் மாற்றும் அன்று இதையும் பார்த்துவிடுகிறேன். போல்ட்டின் உடலில் விரலை ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.